கிராண்ட் கிடைச்சாச்சு, அப்புறம்? ரிப்போர்ட் எழுதும் வேலையின் வரலாறு

1/
போன வாரம் ஒரு ஜூனியர் டாக்டர் என் ரூமுக்கு வந்தாங்க. உட்காரக்கூட இல்ல. "சார், நான் ஆராய்ச்சி பண்ண வந்தேனா, கணக்கு எழுத வந்தேனா?"

மார்ச் மாசம். அவங்க ப்ராஜெக்ட்டோட யூசி மூணாவது தடவையா திரும்பி வந்திருக்கு. காரணம்: 4,200 ரூபாய்க்கு வாங்கின ரீஏஜென்ட் பில் வேற தலைப்புல போயிருச்சு.

2/
தெரியாதவங்களுக்கு: யூசின்னா யுடிலைசேஷன் சர்டிஃபிகேட். கொடுத்த பணத்தைக் கொடுத்த காரியத்துக்கே செலவு பண்ணோம்னு கையெழுத்துப் போட்டு அனுப்புற தாள். அது சரியா போகலேன்னா அடுத்த தவணை வராது.

தவணை வராததால, ஊர் ஊரா போய் ரத்த சாம்பிள் எடுத்துட்டு வர்ற ஃபீல்டு வொர்க்கர் பொண்ணுக்கு மூணு மாசமா சம்பளம் இல்ல. ஆக, அந்த டாக்டரோட கோபம் நியாயமான கோபம்தான்.

3/
அன்னிக்கு நான் உருப்படியா எதுவும் சொல்லல. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டேன். ராத்திரி யோசிச்சேன். இந்தத் தாளெல்லாம் எங்கிருந்து வந்துச்சு? யாரோ ஒரு குமாஸ்தா நம்மளைக் கஷ்டப்படுத்தணும்னே உட்கார்ந்து தயாரிச்சதா?

இல்ல. ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலயும் ஒரு சம்பவம் இருக்கு. சிலதுக்குப் பின்னால ஒரு உயிர் இருக்கு. அந்தக் கதைதான் இந்த த்ரெட். நீளமானது, நிதானமா படிங்க.

4/
கதை பெரும்பாலும் அமெரிக்காவுல நடக்குது. நம்ம நாட்டுலயும் 1911-லயே மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க ஓர் அமைப்பு இருந்தது. இந்தியன் ரிசர்ச் ஃபண்ட் அசோசியேஷன். அதுதான் 1949-ல் ஐசிஎம்ஆர் ஆச்சு.

ஆனா, அரசாங்கப் பணத்தை மூட்டை மூட்டையா பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்து ஆராய்ச்சி பண்ணச் சொன்னது அமெரிக்கா. பலனும் பெரிசு, தப்பும் பெரிசு. விதிகளும் அதே அளவுக்கு வளர்ந்தது.

5/
இரண்டாம் உலகப்போருக்கு முன்னாடி அங்கே பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குப் பணம் பெரும்பாலும் தனியார் அறக்கட்டளைகள்கிட்ட இருந்துதான் வந்தது. அரசு கொடுத்தது சொற்பம். 1937-ல் நேஷனல் கேன்சர் இன்ஸ்டிட்யூட் சட்டம் வந்து, வெளியில இருக்கிற ஆராய்ச்சியாளர்களுக்கும் அரசு பணம் கொடுக்கலாம்னு ஒரு கதவைத் திறந்தது.

கதவை முழுசா திறந்தது போர்.

6/
போர்க்காலத்துல வானவர் புஷ் என்ற பொறியாளர் தலைமையில் ஓர் அலுவலகம். ரேடார், பென்சிலின்னு ஏகப்பட்ட வேலைகளைப் பல்கலைக்கழகங்களுக்குக் கான்ட்ராக்ட்டா கொடுத்தாங்க. போர் முடியற நேரம், 1945 ஜூலையில், அவர் ஜனாதிபதி ட்ரூமன்கிட்ட ஓர் அறிக்கை கொடுத்தார்.

அதோட சாரம்: அடிப்படை ஆராய்ச்சிக்கு அரசு பணம் கொடுக்கணும். ஆனா எதை, எப்படி ஆராயறதுன்னு முடிவு பண்றதை விஞ்ஞானிகள் கையிலயும் அவங்க நிறுவனங்கள் கையிலயும் விட்டுடணும்.

7/
இங்க ஒரு வித்தியாசத்தைப் புரிஞ்சுக்கணும். கான்ட்ராக்ட்னா கொத்தனார்கிட்ட வீடு கட்டக் கொடுக்கிற மாதிரி. இத்தனை சதுர அடி, இந்தத் தேதி, சாவியைக் கொடு.

கிராண்ட்னா அக்கா பையனைப் படிக்க வைக்கிற மாதிரி. ரேங்க் வாங்கியே ஆகணும்னு எழுதி வாங்க முடியாது. நம்பித்தான் கொடுக்கணும். ஆனா ஃபீஸ் கட்டச் சொல்லிக் கொடுத்த காசுல பைக் வாங்கினா கேட்கத்தானே செய்வோம்? கிராண்ட் கணக்கு வழக்கோட மொத்தச் சிக்கலும் இந்த இடத்துலதான் இருக்கு.

8/
1946-க்கு அப்புறம் போர்க்கால மருத்துவ ஆராய்ச்சிகள் என்ஐஎச் கைக்கு வந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனம். 1947-ல் அதன் பட்ஜெட் 80 லட்சம் டாலர். 1966-ல் 100 கோடி டாலருக்கும் மேல. இருபது வருஷத்துக்குள்ள நூறு மடங்குக்கு மேல.

இந்த வளர்ச்சிக் காலத்துல, 1955-லிருந்து 1968 வரை இயக்குநரா இருந்தவர் ஜேம்ஸ் ஷானன். அவரும் ஒரு டாக்டர்தான்.

9/
ஷானனோட நம்பிக்கை எளிமையானது. நல்ல ஆளையும் நல்ல கேள்வியையும் தேர்ந்தெடுக்கிறதுல கறாரா இரு. தேர்ந்தெடுத்த பிறகு அவன் தோளுக்குப் பின்னால நின்னு எட்டிப் பார்க்காதே. ஆராய்ச்சி போற வழியிலதான் திசை மாறும். பட்ஜெட்ல எழுதின வரிக்கு வரி செலவு பண்ணுன்னா, புதுசா எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஆராய்ச்சி பண்றவங்க யாரைக் கேட்டாலும் இதுக்குத் தலையாட்டுவாங்க.

10/
எதிர்ப்பக்கம் நின்னவர் வட கரோலினாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் எல்.எச். ஃபவுன்டன். அவர் தலைமையிலான துணைக்குழு என்ஐஎச் கணக்குகளைத் தோண்டி 1961-லயும் 1962-லயும் அறிக்கைகள் வெளியிட்டது.

அவர் கேட்டதும் எளிமையான கேள்விதான். ஜனங்களோட வரிப்பணம். கொடுத்தது தெரியுது, சரி. எதுக்குச் செலவாச்சுன்னு உங்ககிட்ட பதில் இருக்கா? சரியான பதில் இல்ல.

11/
ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். அதனாலதான் இந்தச் சண்டை இன்னிக்கு வரைக்கும் முடியல.

1963-ல் என்ஐஎச் விதிகளை இறுக்குச்சு. இதுக்கு முன் அனுமதி வாங்கு, அதுக்குக் கணக்குக் காட்டுன்னு. விஞ்ஞானிகள் கொதிச்சாங்க. கவனிங்க, 60 வருஷத்துக்கு முன்னாடியே "ஆராய்ச்சி பண்ணவா, கணக்கு எழுதவா"ன்னு கேட்டாச்சு. நம்ம ஜூனியர் தனி ஆள் இல்ல.

12/
இந்த விதிகள்லயே விசித்திரமான ஒண்ணு, உழைப்புக் கணக்கு. எஃபர்ட் ரிப்போர்ட்டிங்னு பேரு. ஒரு பேராசிரியரோட சம்பளத்துல 30 சதவீதம் கிராண்ட்ல இருந்து போகுதுன்னா, அவரோட உழைப்புல 30 சதவீதம் அந்த ஆராய்ச்சிக்குப் போச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். ஏ-21 என்ற அரசுச் சுற்றறிக்கை 1958-ல் வந்தது. 1979 திருத்தத்துல இது கறாராச்சு.

13/
டாக்டர்களே, நீங்களே சொல்லுங்க. காலையில ஓபி. அதுல ரெண்டு பேஷன்ட்டை ஸ்டடில சேர்த்தீங்க. கூடவே பிஜிக்குப் பாடம் எடுத்தீங்க. ராத்திரி குளிக்கும்போது டேட்டாவைப் பத்தி ஒரு யோசனை வந்துச்சு. இதுல எத்தனை சதவீதம் எதுக்கு?

யாருக்கும் தெரியாது. ஆனா கையெழுத்துப் போடணும். தெரியாததுக்குத் தெரிஞ்ச மாதிரி கையெழுத்துப் போடற பழக்கம் இங்கதான் ஆரம்பிக்குது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால வரும்.

14/
அதே காலத்துல இன்னொரு வகைத் தாளும் பிறந்தது. பணத்துக்கு இல்ல, மனுஷனுக்கு.

1966 பிப்ரவரியில், அரசுப் பணத்துல மனுஷங்க மேல ஆராய்ச்சி பண்ணணும்னா நிறுவனத்துக்குள்ள ஒரு குழு முன்கூட்டியே பரிசீலிக்கணும்னு அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை உத்தரவு போட்டது. அதே வருஷம் ஜூன்ல ஹென்றி பீச்சர் என்ற மயக்கவியல் பேராசிரியர், ஒழுக்கக்கேடான 22 ஆராய்ச்சிகளைப் பட்டியல் போட்டு ஒரு கட்டுரை எழுதினார்.

15/
1972-ல் டஸ்கேகி விஷயம் வெளியே வந்தது. சிபிலிஸ் இருந்த கறுப்பின ஆண்களை, பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை கொடுக்காம 40 வருஷம் வேடிக்கை பார்த்த ஆராய்ச்சி. நடத்தினது அரசுத் துறையே. 1974-ல் சட்டமே வந்தது. நம்ம எத்திக்ஸ் கமிட்டிகளோட வம்சாவளி இந்த வழியாத்தான் வருது.

ஆக, ரெண்டு குடும்பம். ஒண்ணு பணத்தைக் காவல் காக்கிற தாள்கள். இன்னொண்ணு படுக்கையில இருக்கிற மனுஷனைக் காவல் காக்கிற தாள்கள். இந்தப் பிரிவினை இந்த த்ரெட்டுக்கு முக்கியம்.

16/
பணக் குடும்பத்தோட பெரிய கதை ஸ்டான்ஃபோர்டு, 1990-91.

முதல்ல மறைமுகச் செலவுன்னா என்னன்னு பார்த்துடலாம். எலி, ரீஏஜென்ட், ஆள் சம்பளம், இதெல்லாம் நேரடிச் செலவு. ஆனா லேபுக்கு கரன்ட் வேணும், கட்டடம் வேணும், நூலகம் வேணும், கணக்குப் பிள்ளை வேணும். இதை எந்த ஒரு ப்ராஜெக்ட்லயும் தனியா எழுத முடியாது. அதனால நேரடிச் செலவு மேல இத்தனை சதவீதம்னு அரசு சேர்த்துக் கொடுக்கும்.

17/
ஸ்டான்ஃபோர்டுக்கு அந்த விகிதம் 70 சதவீத வாக்கில் போயிருந்தது. அங்க அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்தின் பிரதிநிதியா வந்த பால் பிடில் கணக்கைப் பிரிச்சு மேய்ஞ்சார். விஷயம் நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் டிங்கல்கிட்ட போச்சு. 1991 மார்ச்சில் விசாரணை.

மறைமுகச் செலவு மூட்டைக்குள்ள இருந்து என்னென்ன வந்துச்சு தெரியுமா?

18/
72 அடி நீள "விக்டோரியா" உல்லாசப் படகின் தேய்மானம். பல்கலைக்கழகத் தலைவர் வீட்டுக்கு மாசம் 2,000 டாலர் பூ. தேவதாரு மரம் பதிச்ச 3,000 டாலர் துணி அறை. 1,200 டாலர் இத்தாலியக் கமோடு. கமோடுன்னா நாம நினைக்கிற கமோடு இல்ல, இழுப்பறை வெச்ச பழங்கால அலமாரி. ஆனா டிவியில கேட்ட ஜனங்களுக்கு அந்த விளக்கமெல்லாம் யார் சொல்றது?

19/
ஒரு நியாயத்தையும் சொல்லணும். அந்தப் பட்டியல்ல பலதும் அப்போதைய விதிப்படி தள்ளுபடி இல்லாதவை. படகு விஷயம் கணக்குப் பிழைன்னு பல்கலைக்கழகமே ஒத்துக்கிட்டது. 20 கோடி டாலர் வரை கூடுதலா வாங்கியிருக்காங்கன்னு பிடில் சொன்னார். கடைசியில 1994-ல் 12 லட்சம் டாலரோட சமரசம். மோசடி எதுவும் இல்லன்னு அரசே சொல்லிடுச்சு.

20/
ஆனா அதுக்குள்ள நடக்க வேண்டியது நடந்து முடிஞ்சிருந்தது. விகிதம் 55.5 சதவீதமா வெட்டப்பட்டது. தலைவர் டொனால்டு கென்னடி பதவி விலகறதா அறிவிச்சார். அவர் ஒரு உயிரியலாளர், முன்னாள் எஃப்டிஏ கமிஷனர். 1991 அக்டோபர்ல நிர்வாகச் செலவுப் பகுதிக்கு 26 சதவீதம்னு நாடு முழுக்க உச்சவரம்பு வந்தது.

அதாவது, விதிமுறை கேட்கிற நிர்வாக வேலை கூடிக்கிட்டே போகும். அதுக்குக் கிடைக்கிற பணம் மட்டும் அங்கேயே நிக்கும். மிச்சத்தைச் சுமக்கிறது யாரு? ஆராய்ச்சியாளர்தான்.

21/
இப்போ எல்லாப் பல்கலைக்கழகமும் பூக்கடை பில்லைக்கூட பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்க ஆரம்பிச்சாச்சு. பணத்துக்குக் காவல் பலமாச்சு.

இன்னொரு குடும்பத்துத் தாள்கள் என்ன ஆச்சு? அதுக்குப் பதில் 1999 செப்டம்பர்ல வந்தது. பதிலோட பேர் ஜெஸ்ஸி கெல்சிங்கர். வயசு 18.

22/
ஜெஸ்ஸிக்கு ஓடிசி குறைபாடு. கல்லீரல்ல ஒரு என்சைம் போதாததால ரத்தத்துல அமோனியா ஏறும் பரம்பரை நோய். அவனுக்கு இருந்தது லேசான வகை. சாப்பாட்டுக் கட்டுப்பாடும் மருந்துமா நடமாடிட்டு இருந்த பையன். தனக்குப் பலன் இல்லேன்னாலும், இதே நோயோட பிறக்கிற குழந்தைகளுக்கு உதவும்னுதான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மரபணு சிகிச்சை ஆய்வுல சேர்ந்தான்.

செப்டம்பர் 13 அன்னிக்கு மருந்து ஏத்தினாங்க. 17-ம் தேதி இறந்துட்டான்.

23/
ஆராய்ச்சியில மரணம் நடக்கறது தன்னளவில் குற்றம் ஆகாது. புது சிகிச்சைன்னா ஆபத்து இருக்கும். பிரச்சினை எங்கன்னா, விசாரணையில எஃப்டிஏ சொன்னது. அவனுக்கு முன்னாடி சேர்ந்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு கடுமையா வந்திருக்கு. அது உரிய நேரத்துல ரிப்போர்ட் ஆகல. ரிப்போர்ட் ஆகியிருந்தா அங்கேயே ஆய்வை நிறுத்திக் கேள்வி கேட்டிருப்பாங்க. குரங்குகள் இறந்த தகவல் ஒப்புதல் படிவத்துல இல்ல.

24/
அதாவது, ஜெஸ்ஸியைக் காப்பாத்தியிருக்கக்கூடியது ஒரு ஊசியோ மெஷினோ இல்ல. ஒரு தாள். நேரத்துக்குப் போயிருக்க வேண்டிய ஒரு ரிப்போர்ட்.

25/
இதுக்கப்புறம் வந்ததுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த எண். இதே வகை அடினோவைரஸ் மரபணு ஆய்வுகள் எல்லாத்துலயும் நடந்த தீவிரப் பாதகமான நிகழ்வுகளைத் தெரிவிக்கச் சொல்லி என்ஐஎச் கேட்டது. கணக்கு வந்தது. மொத்தம் 691. விதி சொன்னபடி உடனே தெரிவிக்கப்பட்டது எத்தனை?

39.

26/
நூத்துக்கு ஆறுகூட இல்ல. மிச்சம் 652.

அந்த 652-ஐயும் எழுதாம விட்டவங்க எல்லாரும் வில்லன்களா? நான் நினைக்கல. பெரும்பாலானவங்க, "பேஷன்ட் ஏற்கனவே சீரியஸ், இது நம்ம மருந்தால இருக்காது"ன்னு தாங்களே தீர்ப்பு எழுதி ஃபைலை ஓரமா வெச்சவங்களாத்தான் இருப்பாங்க. எப்படிச் சொல்றேன்னா, நானே அப்படி வெச்சிருக்கேன்.

27/
சில வருஷம் முன்னாடி நான் ஒரு மருந்து ஆய்வுல இருந்தேன். அதுல சேர்ந்த ஒரு பெரியவர், டீக்கடை வெச்சிருந்தவர். ஒரு நாள் அவர் மனைவி போன் பண்ணினாங்க. "டாக்டரய்யா, இவருக்குத் தலை சுத்தி விழுந்துட்டார். பக்கத்து ஆஸ்பத்திரியில ரெண்டு நாளா சேர்த்திருக்கோம்."

ஆஸ்பத்திரியில சேர்ந்தாலே அது விதிப்படி தீவிர நிகழ்வு. தெரிஞ்ச 24 மணி நேரத்துல நான் எழுதி அனுப்பணும்.

28/
நான் என்ன பண்ணேன்? வெயில் காலம், வயசானவர், கடையில நின்னுக்கிட்டே இருப்பார், சுத்தத்தான் செய்யும்னு நினைச்சேன். அந்த வாரம்தான் எங்களுக்கு ஆடிட். வவுச்சர், ஸ்டாக் ரெஜிஸ்டர்னு மூழ்கிக் கிடந்தேன். அவரைப் பத்தின ரிப்போர்ட் ஒன்பதாவது நாள்தான் போச்சு.

அவர் நல்லா ஆயிட்டார். ஒண்ணும் ஆகல. ஆனா 39-க்கு 691-ங்கிற கணக்கைப் பார்த்த அன்னிக்குப் புரிஞ்சது, அந்த 652 பேர் வரிசையில நானும் நின்னிருக்கேன்னு. பேனா வாங்கின பில்லுக்கு நான் கொடுத்த நேரத்தை அந்த மனுஷனுக்குக் கொடுக்கல.

29/
ஜெஸ்ஸி வழக்கு எப்படி முடிஞ்சது? 2005-ல் சமரசம். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 5,17,496 டாலர் கட்டினது. தப்பை ஒத்துக்கல. அரசு வழக்குக்குப் பிடிச்ச சட்டம் சுவாரஸ்யமானது: ஃபால்ஸ் க்ளெய்ம்ஸ் ஆக்ட், 1863. உள்நாட்டுப் போர் சமயத்துல ராணுவத்துக்கு மட்டமான சரக்கு வித்த கான்ட்ராக்டர்களைப் பிடிக்க, லிங்கன் காலத்துல போட்ட சட்டம்.

அரசுக்குப் பொய்யான தகவல் கொடுத்துப் பணம் வாங்கினா மூணு மடங்கு வரை திருப்பிக் கட்டணும். துப்புக் கொடுத்தவருக்குப் பங்கு உண்டு.

30/
இந்தச் சட்டம் பல்கலைக்கழகங்களைத் துரத்த ஆரம்பிச்சது. 2003-ல் நார்த்வெஸ்டர்ன் 55 லட்சம் டாலர். காரணம், நான் ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன அதே உழைப்புச் சதவீதம். 2008-ல் யேல் 76 லட்சம் டாலர். அதுல ஒரு குற்றச்சாட்டு, கிராண்ட் முடியப் போகுது, பணம் மிச்சம் இருக்குன்னு வேற செலவை அதுல தள்ளிவிட்டது.

நம்ம ஊர் மார்ச் மாசம் உங்களுக்கு ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல.

31/
2019-ல் டியூக் பல்கலைக்கழகம். 11.25 கோடி டாலர். நுரையீரல் ஆய்வு லேப்ல வேலை பார்த்த ஒருத்தர் வருஷக்கணக்கா டேட்டாவைப் பொய்யா தயாரிச்சார், அதைக் காட்டிக் கிராண்ட் வாங்கினாங்கன்னு வழக்கு.

அது எப்படி வெளியே வந்துச்சு? அவர் நிறுவனப் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்தது முதல்ல மாட்டினது. ஆள் மேல சந்தேகம் வந்த பிறகுதான் டேட்டாவை நோண்டினாங்க. ஆக, பில் பார்க்கிறதும் வீண் வேலை இல்ல. சில நேரம் நாடியைப் பிடிச்சா உள்ளே இருக்கிற நோய் தெரியும்.

32/
சரி, இத்தனை காவலுக்கு என்ன விலை? அமெரிக்காவுல அரசு கிராண்ட் வாங்கினவங்ககிட்ட 2005-ல் ஒரு பெரிய சர்வே எடுத்தாங்க. ஆராய்ச்சிக்குன்னு ஒதுக்கின நேரத்துல 42 சதவீதம் ஆராய்ச்சிக்குப் போகல. விண்ணப்பம் எழுத, அனுமதி வாங்க, ரிப்போர்ட் கொடுக்கன்னு போச்சு. 2012-ல் திரும்பக் கேட்டாங்க. அதே 42. 2018-ல் 44.

ஒரு வாரத்துல ஆராய்ச்சிக்கு அஞ்சு நாள்னா, ரெண்டு நாள் தாளுக்கு.

33/
இதைக் குறைக்க முடியாதா? முடியும்னு காட்டியிருக்காங்க. 1986-ல் ஃப்ளோரிடாவுல ஒரு சோதனை. அஞ்சு மத்திய அரசு அமைப்புகளும் அந்த மாநிலப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் முன் அனுமதி கேட்கிறதை நிறுத்திப் பார்த்தாங்க. மிச்சப் பணத்தை அடுத்த வருஷத்துக்கு எடுத்துட்டுப் போக, ஆய்வை ஒரு வருஷம் நீட்டிக்க, நிறுவனமே முடிவு பண்ணலாம். வானம் இடிஞ்சு விழல. அப்புறம் நாடு முழுக்க வந்தது.

34/
2014 டிசம்பர்ல எட்டு தனித்தனிச் சுற்றறிக்கைகளைச் சேர்த்து ஒரே விதித் தொகுப்பாக்கினாங்க. உழைப்புச் சதவீதத்துக்குக் குறிப்பிட்ட சான்றிதழ் முறை வேணும்ங்கிற கட்டாயம் தளர்ந்தது. சரியான சம்பளப் பதிவேடு இருந்தா போதும்.

அதாவது, சம்பவத்துல பிறந்த விதிக்கு ஆயுசு கெட்டி இல்ல. யாரும் படிக்காத தாளை எடுத்துடலாம். யாராவது உட்கார்ந்து கேட்கணும், அவ்வளவுதான்.

35/
இன்னொண்ணு. 1959-லயே அமெரிக்காவுல பல்கலைக்கழக ஆராய்ச்சி நிர்வாகிகள் தங்களுக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க. கிராண்ட் வந்த பிறகு கணக்கு, ரிப்போர்ட், கெடு தேதி எல்லாத்தையும் பார்த்துக்கிறது அங்க ஒரு தொழில். படிச்ச, பயிற்சி எடுத்த ஆட்கள் அதுக்குன்னே இருக்காங்க. அப்படி இருந்துமே 42 சதவீதம்.

இங்க பல மருத்துவக் கல்லூரிகள்ல அந்த ஆள் யாருன்னு கேட்டா, ஓபி முடிச்சுட்டு வர்ற டாக்டர்தான். கூட ஒரு டேட்டா என்ட்ரி தம்பி.

36/
நம்ம நாட்டுலயும் ரெண்டு குடும்பத் தாளும் இருக்கு. 2017 பொது நிதி விதிகள்படி 12-ஏ படிவத்துல யூசி. 2019 மருந்து ஆய்வு விதிகள்படி தீவிர நிகழ்வை 24 மணி நேரத்துல தெரிவிக்கிற ரிப்போர்ட்.

முதல் தாள் லேட்டானா தவணை நிக்கும், போன் வரும், மெமோ வரும். ரெண்டாவது தாள் லேட்டானா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆகிற அன்னிக்கு ஒரு ஆள் இருக்க மாட்டார். சத்தம் போடற தாளை முதல்ல கவனிக்கிறோம். சத்தம் போடாததை விட்டுடறோம்.

37/
ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ எங்க சீஃப் கேஸ் ஷீட்டைக் காட்டித் திட்டுவார். "எழுதலேன்னா பண்ணலேன்னுதான்டா அர்த்தம்." நமக்கு எழுத்து வேலை புதுசு இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு பிபி குறிச்சது ஆடிட்டருக்காகவா? காலையில வர்ற அடுத்த டாக்டருக்காக. அந்தக் கேஸ் ஷீட் மாதிரி எந்த ரிப்போர்ட் இருக்கோ, அது ஆராய்ச்சிக்கு வெளியில இருக்கிற வேலை இல்ல. அதுவும் ஆராய்ச்சிதான்.

38/
அதனால ஜூனியர்கிட்ட நேத்து இதைச் சொன்னேன். "மேஜையில இருக்கிற ஒவ்வொரு தாளுக்கும் ஒரே கேள்வி கேளுங்கம்மா. இது யாரைக் காப்பாத்துது? பேஷன்ட்டைன்னா, இன்னிக்கு ராத்திரியே போகணும். ஜனங்க பணத்தைன்னா, நேர்மையா, மாசா மாசம் எழுதி வெச்சா மார்ச்ல அழ வேண்டாம். யாரையுமே காப்பாத்தலேன்னா, அதை எடுக்கச் சொல்லி நானும் உங்ககூடக் கையெழுத்துப் போடறேன்."

39/
கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "சரி சார். நாலாவது தடவையா யூசி அனுப்பிட்டேன். எங்க ஃபீல்டு வொர்க்கர் சம்பளத்தை இதுல எந்தத் தாள் காப்பாத்துது?"

என்கிட்ட பதில் இல்ல. தவணை இன்னும் வரல. அந்தப் பொண்ணு இன்னிக்கும் சாம்பிள் எடுக்கப் போயிருக்கு.

40/
அதனால கடைசியா ஒரு வேண்டுகோள். இதைப் படிக்கிறவங்கள்ல கிராண்ட் கொடுக்கிற இடத்துல, அக்கவுண்ட்ஸ் செக்ஷன்ல இருக்கிறவங்களும் இருப்பீங்க. தலைப்பு மாறின 4,200 ரூபாயைக் கேள்வி கேளுங்க, தப்பில்ல. ஆனா அதுக்காக மொத்தத் தவணையையும் நிறுத்தாம, அந்த 4,200-ஐ மட்டும் நிறுத்தி வெச்சு மிச்சத்தை விட வழி இருக்கான்னு பாருங்க. விதி அனுமதிச்சா செய்ங்க. அனுமதிக்கலேன்னா, அதை மாத்தச் சொல்லி மேல எழுதுங்க.

டாக்டர்களுக்கு: டிராயர்ல ஏதாவது ரிப்போர்ட் நாளைக்கு, நாளைக்குன்னு கிடந்தா, போனைக் கீழே வெச்சுட்டு அதை எழுதிட்டு வாங்க.